மெயில் அங்கிட்டு

எங்கள் சர்வர் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்து: ‘மெயில் அங்கிட்டு’. பக்கத்தில் கொழுத்த ஓர் அம்புக்குறி. அம்பு காட்டுகிற திசையில் போனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க நான் வைத்திருக்கும் பழைய பெயின்ட் டப்பா வரும். அதைத் தாண்டினால் சுவர். வழி கேட்டு வருகிற யாருக்கும் இந்தப் பலகையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏனென்றால் உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான் அது கண்ணிலேயே படும். அப்படி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிற ஒரே ஆள் நான். அதற்கு இரண்டு காரணம் உண்டு. ஏசிக் காற்று வெளியே போகக் கூடாது என்பது ஊருக்குச் சொல்வது. நான் பயந்துபோய் உட்கார்ந்திருப்பதை வெளியே யாரும் பார்க்கக் கூடாது என்பது நிஜமானது.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு நர்சிங் கல்லூரியில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ‘சிஸ்டம் சார்’ என்றால் வாட்ச்மேனிலிருந்து மடத்துத் தலைவியான மதர் வரைக்கும் தெரியும். என் பெயரைச் சொன்னால் சம்பளம் போடுகிறவரே கொஞ்சம் யோசிப்பார். எனக்கு வேலை ஓரளவு தெரியும், பயம் மிக நன்றாகத் தெரியும். எங்காவது ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் என் வாய் தானாக ஜோக் அடிக்க ஆரம்பித்துவிடும். சிரிக்கிறவர்கள் என் வாயைத்தான் பார்ப்பார்கள், கை நடுங்குவது தெரியாது. பல வருடமாக இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முறை அது பிரேக் பிடிக்காமல் போய் வேறு ஒருவர் மேல் இடித்துவிட்டது. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எழுத வைத்தவர் இப்போதைய ரிஜிஸ்ட்ரார் சிஸ்டர். போன வாரம் அறைக்குள் வந்தவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “என்ன சார் இது, போர்டை யாராச்சும் உள்பக்கம் மாட்டுவாங்களா? கழட்டிருங்க. அப்படியே பழைய ஆளுங்க மெயில் பெட்டியெல்லாம் எடுத்து விட்டிருங்க. இருக்கிறவங்களுக்கே எடம் பத்தலை” என்றார். நியாயமான பேச்சு. “சரிங்க சிஸ்டர்” என்றேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மாட்டியது அவருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த ரிஜிஸ்ட்ரார். நான் வெறுமனே ‘சிஸ்டர்’ என்று சொன்னால் அவரைத்தான்.

சிஸ்டருக்கு என் வயதுதான் இருக்கும். குள்ளமான உருவம், வேகமான நடை; கழுத்துக் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி நடக்கும்போது சிலுவையில் இடித்து டிக் டிக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் காரிடாரில் கேட்டதும் மாணவிகள் போனை ஒளிப்பார்கள், நான் செஸ் விளையாட்டை மூடுவேன். மற்ற சிஸ்டர்களெல்லாம் படமும் பட்டனும் இருக்கிற திரையில் மெயில் பார்த்தபோது, இவர் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகவே படிப்பார். “எனக்கு எழுத்துப் போதும் சார், ஜோடனை வேணாம்” என்பார். விதி என்று ஒன்று எழுதியிருந்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஹாஸ்டல் விதி, பரீட்சை விதி, லைப்ரரி விதி எல்லாம் மனப்பாடம். ஆனால் ஆள் சிடுமூஞ்சி இல்லை. நான் சொல்கிற ஜோக்குகளுக்குக் காரிடாரில் முறைப்பார். அதே ஜோக்கை சர்வர் அறைக்குள் சொன்னால் சிரிப்பார். முதலில் சத்தமே வராது, தோள்கள் மட்டும் குலுங்கும். பிறகு விக்கல் மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “போதும் சார், யாராச்சும் கேக்கப் போறாங்க” என்பார். அந்த அறை ஒன்றில்தான் அவர் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

புது சர்வர் வாங்கிய சமயம் அது. லினக்ஸ் மாதிரியான யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில், ஒருவருக்கு வந்து சேர்ந்த மெயிலை எங்கே வைப்பது என்பதில் அந்தக் காலத்திலிருந்தே பங்காளிச் சண்டை உண்டு. ‘வார்’ என்று ஒரு பெரிய கூடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ‘ஸ்பூல்’ என்று ஓர் அறை. அச்சடிக்கக் காத்திருப்பது, அனுப்பக் காத்திருப்பது எல்லாம் கிடக்கிற வெயிட்டிங் ரூம். பழைய ஆட்கள் அதற்குள்ளேயே ‘மெயில்’ என்று ஓர் உள்ளறை தடுத்து, வந்த மெயிலையெல்லாம் அங்கே போட்டுவைத்தார்கள். இன்னொரு கோஷ்டி, வந்து சேர்ந்துவிட்டது எதற்காக வெயிட்டிங் ரூமில் கிடக்க வேண்டும் என்று, கூடத்திலிருந்து நேராகவே ‘மெயில்’ என்று ஓர் அறைக்கு வாசல் வைத்தது. இரண்டும் வேண்டாம் என்று அவரவர் சொந்த அறையிலேயே போட்டுக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் கல்லூரியில் மூன்று வழக்கமும் இருந்தது. ஒரு மெயில் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் மூன்று இடத்திலும் போய்த் தேடிவிட்டு, நாலாவதாக என் அதிர்ஷ்டத்தில் தேடுவேன்.

இந்தச் சண்டையைத் தீர்க்கப் பொதுவாக ஒரு விதி எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சிஸ்டரிடம் சொன்னேன். கூடத்திலிருந்து நேராகப் போகிற ‘மெயில்’ என்ற பெயரைச் சொல்லித்தான் எல்லா புரோகிராமும் மெயிலைத் தேட வேண்டும். சாமான் நிஜமாக எந்த மூலையில் இருந்தாலும் பரவாயில்லை; அந்தப் பெயரைச் சொன்னால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்காகப் பழைய வாசலில் ஓர் அம்பு போட்டுவிடலாம். அதற்கு ‘லிங்க்’ என்று பெயர். பட்டியலில் பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் நிஜமாகவே குட்டியாக ஓர் அம்பு தெரியும். வருகிறவர் தான் இடம் மாறிப் போவதே தெரியாமல் புது அறைக்குள் போய் நிற்பார்.

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த விதியை ஒருமுறை முழுக்கப் படித்தார். முகம் மலர்ந்துபோனது. “சாமான் எங்கிட்டு கெடந்தாலும் சரி, பேரைச் சொல்லிக் கூப்புட்டா ‘இந்தா இருக்கேன்’னு வரணும். எங்க சபையில எங்களுக்கும் அதான சார் சட்டம். ஒங்க ஆளுங்க எங்ககிட்ட இருந்து காப்பி அடிச்சிருக்காங்க” என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். மெயில்களைப் பழைய அறையிலிருந்து எடுத்துப் புது அறையில் போட வேண்டும். நான் எடுக்கவில்லை, நகல்தான் போட்டேன். “பழசு அப்படியே ஒரு வாரம் கெடக்கட்டும் சிஸ்டர், எதுக்கும் ஒரு பாதுகாப்பு” என்றேன். என் பயத்துக்கு நான் வைத்திருக்கும் செல்லப்பெயர் பாதுகாப்பு. கடைசியாக அந்த அம்பைப் போடுகிற ஒரு வரிக் கட்டளை மட்டும் பாக்கி. “அதை நான் அடிக்கிறேன் சார், நீங்க சொல்லுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் சிஸ்டர். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், அவர் ஒரே விரலால் அடித்தார். என்டர் தட்டியதும் திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் நின்றது.

“என்ன சார், ஒண்ணுமே சொல்லலை?”

“யூனிக்ஸ் அப்படித்தான் சிஸ்டர். சரியாச் செஞ்சா பேசாது.”

தப்பைச் சரியாகச் செய்தாலும் பேசாது என்பதை நான் சொல்லவில்லை. எனக்கே அப்போது நினைவில் இல்லை. புதுப் பெட்டிகளில் பழைய மெயில்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. திங்கள்கிழமையிலிருந்து புது மெயிலும் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, பக்கத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தது, மதருக்கு யாரோ அனுப்பும் ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கமும் தவறாமல் வந்தது. சில வாரம் போன பிறகு சிஸ்டர்தான் ஒருநாள் சொன்னார்: “வெளிநாட்டுல இருந்து ஒண்ணுமே வரக் காணோமே சார்?” நான், “அங்க பனி சிஸ்டர், வெரல் வெறைச்சுப் போயிருக்கும், டைப் அடிக்க முடியாது” என்றேன். அவருடைய தோள் குலுங்கியது. பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு வேலை நாளின் முற்பகலில் ஓர் அம்மா வந்தார். கந்தர்வக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். புதுக்கோட்டையில் பஸ் மாறி வந்திருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர், அந்தப் பாலில் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. மகள் எங்கள் கல்லூரியில் படித்த பெண். வளைகுடாவில் நர்ஸாக இருந்தவளுக்கு வேறொரு குளிர் நாட்டு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்திருந்தது. ஆனால் அந்த நாட்டு நர்ஸ் கவுன்சில் இவள் நிஜமாகவே இங்கே படித்தவள்தானா என்று எங்களுக்கு மெயில் போட்டுக் கேட்கும். ஆமாம் என்று நாங்கள் பதில் போட்டால்தான் அவள் அங்கே போக முடியும். அந்த வேலையை நம்பி இருந்த வேலையை விட்டுவிட்டாள். வளைகுடா விசா அந்த மாதத்தோடு முடிகிறது.

“எம்புள்ள போன்ல அழுவுதுங்க” என்றார் அந்த அம்மா, நின்றபடியே. “அவங்க எழுதுனாங்களாம், திருப்பியும் எழுதுனாங்களாம். ஒங்க காலேஜ்ல இருந்து பதிலே வரலைன்னு சொல்றாங்களாம். நீங்க பாத்தீங்களா இல்லையாங்க?”

சிஸ்டர் அவரை ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என் அறைக்கு வந்தார். கழுத்துக் கண்ணாடி வழக்கத்தைவிட வேகமாக டிக் டிக்கென்றது. பெட்டியில் தேடினோம். கவுன்சிலிடமிருந்து ஒன்றுமே இல்லை. அடுத்து நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொன்னால்தான் என் லட்சணம் புரியும். முதலில், “ஹேக்கர் பூந்துட்டான் சிஸ்டர்!” என்று கத்திக்கொண்டே இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினேன். “கேபிளைப் பிடுங்கிட்டா இப்ப வர்ற மெயில் எப்படி சார் வரும்?” என்று சிஸ்டர் கேட்டதும் திரும்பச் செருகினேன், வேறு ஓட்டையில். பிறகு, குப்பைப் பெட்டியில் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அதைக் காலி செய்தேன். திருக்கோகர்ணத்து அம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டேன். காரிடாரில் சிலையாக நிற்கும் அந்தோணியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவார் என்று சிஸ்டர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, அவருக்கும் ஒரு கட்டு மெழுகுவர்த்தி பேசி முடித்தேன். நடுவில் மனைவிக்குப் போன் போட்டு, “இன்னைக்கு வேலை போனாலும் போயிரும்” என்றேன். “சரி, வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க” என்று வைத்துவிட்டாள். இத்தனையும் நடக்கும்போது சிஸ்டர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில், “சார், கையை எடுத்துட்டுக் கொஞ்சம் உக்காருங்க. எழுதுனோம்னு அவங்க சொல்றாங்க. அப்ப எங்கயோ வந்திருக்கு. வந்தது எங்க விழுதுன்னு மட்டும் பாருங்க” என்றார்.

உட்கார்ந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிற மெயிலை மட்டும் சலித்து விடுவதற்கு ஒரு பழைய புரோகிராம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த யாரோ எழுதியது. சித்தன்னவாசல் ஓவியம் மாதிரி, பார்க்கலாம், தொடக் கூடாது என்று அதை வைத்திருந்தேன். சலித்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது என்று முதல்முறையாகப் படித்துப் பார்த்தேன். பழைய அறையில். போடட்டுமே, அங்கேதான் அம்பு இருக்கிறதே, புது அறைக்குத் தள்ளிவிட வேண்டியதுதானே என்று பழைய அறையின் பட்டியலைத் திறந்தேன். நான் பாதுகாப்புக்காக விட்டுவைத்த பழைய பெட்டிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவில், இன்னொரு ஆளின் பெட்டி மாதிரி பவ்வியமாக, அந்த அம்பும் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பழைய அறையை அகற்றிவிட்டு அந்தப் பெயரில் அம்பு போட்டிருக்க வேண்டும். அறை அப்படியே இருக்கும்போது போட்டால், இந்த அறைக்குள் வைக்கத்தான் சொல்கிறார்கள் போல என்று கம்ப்யூட்டர் அம்பைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடும். குற்றம் சொல்லாது, கேள்வியும் கேட்காது. வெளிநாட்டு மெயிலெல்லாம் பழைய அறையில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் புது அறையில் உட்கார்ந்து பனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

மெயில் கிடைத்துவிட்டது என்கிற நிம்மதியில் என் வாய் திறந்துகொண்டது. “சிஸ்டர், கடை இடம் மாறிருச்சுன்னு போர்டு எழுதி, அந்தப் போர்டைப் பழைய கடைக்குள்ள வச்சுப் பூட்டிட்டோம் சிஸ்டர்!” சிஸ்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. விக்கல் சத்தம் வந்தது. அத்தனை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர் அல்லவா, அன்றைக்கு அது நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கதவு சாத்தியிருக்கிறது என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் கேபிளும் கையுமாக ஓடிய ஓட்டத்தில் அதைத் திறந்தே போட்டிருந்தேன்.

அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. “எம்புள்ள பொழப்பு போவுதுன்னு நான் அங்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க இங்கிட்டு சிரிக்கிறீங்களாங்க?” என்றார். “சிரிங்கம்மா. சிரிங்க” என்று சொல்லிவிட்டு, போய்ப் பழையபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

சிஸ்டரின் முகத்தில் அப்போது நடந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. சிரிப்பு போய்விட்டது என்று சொல்வது போதாது. கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியிருந்தவர், அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளாமலே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். “படிங்க சார்” என்றார். நான் வாசித்தேன். கவுன்சிலிலிருந்து வந்த முதல் கேள்வி. நினைவூட்டல். அதற்கப்புறம் அன்று காலையில் வந்த ஒன்று: பதில் வராததால் இந்தப் பெண்ணின் விண்ணப்பம் மூடப்படுகிறது.

அந்த நிமிடமே பதில் எழுதினார். கவுன்சிலோடு போனிலும் பேசினார். மூடியதைத் திறக்க வேண்டுமானால், தாமதத்துக்கு யார் காரணம், என்ன காரணம் என்று கல்லூரி எழுத்தில் தர வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். நான் உடனே, “தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டிருங்க சிஸ்டர், யாரும் மேல கேக்க மாட்டாங்க” என்றேன். என் உத்தியோகத்தையே அந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றி வந்திருக்கிறது. மதரும் அதையேதான் விரும்பினார். கல்லூரியின் பெயர் என்று ஒன்று இருக்கிறதே. சிஸ்டர் எழுதியது வேறு. இயந்திரத்தில் கோளாறு இல்லை; உங்கள் மெயில்கள் வந்தன; நாங்கள்தான் தவறான இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம்; அதற்கான கட்டளையை டைப் செய்தவள் நான்; அந்தப் பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கீழே அவர் பெயர், பதவி.

“சொன்னது நான்தான சிஸ்டர்?” என்றேன்.

“அடிச்சது நான்தான சார்” என்றார். இருவருக்கும் நடுவில் அதற்கு முன்னால் நூறு தடவை விளையாட்டாக நடந்திருக்கக்கூடிய பேச்சு. அன்றைக்கு விளையாட்டு இல்லை. என் பெயர் அதில் இல்லை என்றதும் எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. மற்றதெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்தது.

அந்த அம்மாவை பஸ் ஏற்றிவிட சிஸ்டர் ரோடு வரைக்கும் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் வரும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சிஸ்டர் ஏதோ சொன்னார். அந்த அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, ஏறினார், போய்விட்டார். பஸ் போன பிறகும் சிஸ்டர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மாதம் முடிந்தது. அந்தப் பெண் திருச்சியில் வந்து இறங்கி ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

பிறகு ஒருநாள் சிஸ்டர் இந்தப் பலகையோடு வந்தார். டவுனில் ஒரு பெயின்டரிடம் சொல்லி எழுத வைத்திருந்தார். அவரே ஸ்டூலில் ஏறி, கதவின் உள்பக்கம் ஆணியடித்து மாட்டினார். எனக்கு ஒரே குஷி. பழைய சிஸ்டர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். “சூப்பர் ஜோக் சிஸ்டர்! உள்பக்கம் மாட்டுனீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க!” என்று கை தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, கையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டு, “மறக்கக் கூடாது சார்” என்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. மெயில் வைக்கும் இடத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “மறப்பேனா சிஸ்டர்” என்றேன். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. நான் விடாமல் முயற்சி செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்பது இப்போது தோன்றுகிறது.

மே மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. அவர்கள் சபையில் அது அப்படித்தான். ஒரு சூட்கேஸோடு வருவார்கள், ஒரு சூட்கேஸோடு போவார்கள். ஆபீஸ் போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வடக்கே ஒரு மிஷன் என்றார் ஒருவர். உண்மையை எழுதியதற்குத் தண்டனை என்று ஆபீஸில் முணுமுணுத்தார்கள். வழக்கமான மாற்றல்தான் என்றார் மதர். அவரே கேட்டுக்கொண்டு பேச்சில்லாத ஜெப மடம் ஒன்றுக்குப் போயிருக்கிறார், அங்கே கடிதம்கூடக் கிடையாது என்று சமையல்கட்டில் சொன்னார்கள். இவற்றில் எது நிஜம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தண்டனை என்பது நிஜமாக இருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். யார் மேலாவது கோபப்படலாம். சமையல்கட்டுப் பேச்சு நிஜமாக இருந்தால் என்ன செய்வது? ஒரு சிரிப்புக்காகவா ஒருவர் பேச்சையே விட்டுவிடுவார்? அந்தச் சிரிப்பை வரவழைத்தவன் எதை விடுவது?

அவர் போன அன்றைக்கே அவருடைய மெயில் பெட்டியை எடுத்துவிடச் சொன்னார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். வேலையைத் தள்ளிப்போடுவதில் என் திறமை ஒரே ஒரு முறை உலகத்துக்கு உபயோகப்பட்டது அப்போதுதான். கவுன்சிலிலிருந்து பதில் வந்தது, சிஸ்டர் பெயருக்கே. அவருடைய விளக்கத்தை ஏற்று அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைத் திரும்பத் திறக்கிறார்கள். நான் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் கொட்டை உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “போனை சிஸ்டர்கிட்ட குடுங்க தம்பி” என்றார். மாறிப் போய்விட்டார் என்றேன். “எங்கிட்டு?” என்றார். தெரியவில்லை என்றேன்.

அந்தப் பெண் குளிர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் சிஸ்டர் பெயருக்கு மெயில் போடுகிறாள். வருகிற மெயில் எல்லாம் விதிப்படி எந்த அறையில் இருக்க வேண்டுமோ அந்த அறையில் ஒழுங்காகப் போய் உட்காருகிறது. பழைய அறையை அகற்றி, அம்பைச் சரியாக வாசலில் போட்டாயிற்று. இப்போது இடத்தில் ஒரு குறையும் இல்லை. படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த அம்மா வருடா வருடம் முந்திரி சீசன் முடிந்ததும் பஸ் ஏறி வருவார். ஒரு பை பருப்பு கொண்டுவருவார். சிஸ்டர் இருக்கிற இடம் தெரிந்ததா என்று கேட்பார். நான் ஏதாவது ஜோக் சொல்லி அனுப்பிவிடுவேன். பருப்பை சிஸ்டருக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார், மதரிடம் கொடுப்பேன், அது எங்கே போகிறதென்று கேட்டதில்லை.

இன்று காலையில்தான், புது ரிஜிஸ்ட்ரார் சொன்னதைச் செய்துவிடலாம் என்று பலகையைக் கழற்றினேன். தூக்கி எறிய மனமில்லை. வெளிப்பக்கம் மாட்டினால் என்ன என்று தோன்றி, கதவுக்கு வெளியே வந்து பிடித்துப் பார்த்தபடி நின்றேன். காரிடார் கோடியிலிருந்து மஞ்சள் பை வந்தது. அந்த அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. விரல் நுனி மட்டும் அதே கறுப்பு.

“சிஸ்டர் எங்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சுச்சா தம்பி?”

“இல்லைங்கம்மா.”

“பருப்பு குடுக்கணும்னு நான் வரலை” என்றார். “அன்னைக்கு சிஸ்டர் சிரிச்சது என்னைப் பாத்து இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியுங்க. பஸ்ஸ்டாப்புல நின்னு மன்னிப்புக் கேட்டாங்க. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். எம்புள்ளயும் அந்த நாட்டுக்குப் போயிருச்சு, நல்லா இருக்கு. சிரிச்சது ஒண்ணும் தப்பில்லைன்னு ஒரு வார்த்தை அவங்ககிட்டச் சொல்லிப்புடணும். அவ்வளவுதான்.”

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அவர் என் கையிலிருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “மெ-யி-ல் அங்-கிட்-டு.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அங்கிட்டுன்னா எங்கிட்டு தம்பி?”

குனிந்து பார்த்தேன். நான் பிடித்திருந்த பிடியில் அம்பு என் வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. பலகையைத் திருப்பினேன், அது மைதானத்தைக் காட்டியது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், ரோட்டைக் காட்டியது. எந்தப் பக்கம் பிடித்தாலும் அது எதையாவது காட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து பழைய மெயில் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அது ஏன் இன்னும் இருக்கிறது என்று புது சிஸ்டர் கேட்டால் தொழில்நுட்பக் கோளாறு என்பேன். அந்தப் பெட்டியில் புதிதாக ஒரு மெயில் இருக்கிறது. அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடியே டைப் செய்து நான்தான் அனுப்பினேன், ஜோக் எதுவும் சேர்க்காமல். அனுப்பியதும் திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் நின்றது. பலகையைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.